நான் விண்வெளியில் இருந்த சாயங்காலம்

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன், முன்நெற்றி வழுக்கையாகி, கண்ணாடி போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து "பின்னாடி வர்றான், பின்னாடி வர்றான்" என்று தனியாகக் கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கு என்ன தோன்றும்? என் மனைவி பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் அதெல்லாம் ஒரு வெட்கமே இல்லை.

அந்த விளையாட்டு எங்கள் பள்ளிக்கூட நாட்களில் வந்தது. கறுப்புத் திரை, அது நிறையப் புள்ளி புள்ளியாக நட்சத்திரங்கள், நடுவில் நாம் ஓட்டும் சின்னப் போர் விமானம். பூமியைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் கதை. வேறு கிரகத்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஜாய்ஸ்டிக்கை ஒடித்துத் திருப்பி அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சுட வேண்டும். இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால் சிரிப்பார்கள். விமானங்கள் அட்டைப் பெட்டியை வெட்டிச் செய்தது மாதிரி மூலை மூலையாக இருக்கும். வெடித்தால் நாலைந்து முக்கோணங்கள் பறக்கும். எங்களுக்கு அதுவே தாராளமாக இருந்தது.

எங்களுக்கு என்றால் எனக்கும் என் கூட்டாளிக்கும். வில்பட்டியில் எங்கள் வீடு மேலே, அவன் வீடு பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி. எங்கள் வாசலில் நின்றால் அவர்கள் தோட்டம் படிப்படியாக ஓடை வரைக்கும் இறங்குவது தெரியும். இருவரும் ஒரே பஸ்ஸில் கொடைக்கானலுக்குப் படிக்கப் போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் ஒருவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால் அங்கே ஈ காக்கா வராது. அந்த நாட்களில் எங்களை உள்ளே விட்டு, பின்வரிசைக் கம்ப்யூட்டரில் விளையாடச் சொல்வார். பதிலுக்கு நாங்கள் தோட்டத்திலிருந்து பட்டாணியும் காரட்டும் பையில் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர் வீட்டம்மாவுக்கு எங்கள் ஊர்ப் பட்டாணி பிடித்திருந்ததால்தான் பூமி அத்தனை முறை தப்பித்தது.

ஆள் இரண்டு, ஜாய்ஸ்டிக் ஒன்று. ஒருவன் ஓட்ட, மற்றவன் கீபோர்டில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். யார் எவ்வளவு நேரம் ஓட்டினான் என்று சண்டை வராத நாளே கிடையாது. குளிரில் விரல் விறைத்துப்போகும். ஸ்வெட்டர் கையை இழுத்து விரல் நுனிவரை மூடிக்கொண்டு ஆடுவோம். ஆட்டத்தில் ரேடியோவில் பேசும் இங்கிலீஷ் பாதி புரியாது. புரியாததை நாங்களே இட்டுக்கட்டிக்கொள்வோம். எத்தனையோ நாள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பனிமூட்டத்துக்குள் பேசிக்கொண்டே நடந்து வந்திருக்கிறோம். வீட்டில் வாங்கிய அடியெல்லாம் அந்தப் பேச்சுக்குக் கொடுத்த விலை. இன்றைக்கும் அது எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை.

பிறகு நான் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனேன். அவன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றார்கள், நானும் மனைவியும் ஊருக்கே வந்துவிட்டோம். அவளுக்குக் கொடைக்கானலில் ஒரு ஹாஸ்டலில் வார்டன் வேலை கிடைத்தது. ஊருக்குள் இன்டர்நெட் கேபிள் வந்தது. ஒருநாள் வேலைக்கு நடுவே எதையோ தேடப்போய், அந்தப் பழைய விளையாட்டைப் புதுக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி மாற்றி விற்கிறார்கள் என்று தெரிந்தது. அன்றைக்கே வாங்கினேன். ஜாய்ஸ்டிக்கும் வரவழைத்தேன். கத்தரி தேடக்கூடப் பொறுக்காமல் பெட்டியைப் பல்லால் கடித்துப் பிரித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

கூட்டாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் காரட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான்.

"இன்னுமாடா அது இருக்கு?" என்று சிரித்தான். "நீ ஓட்டு மாப்ள. எனக்கு இங்க சோலி கெடக்கு. ஒரு நாளைக்கு வெள்ளனே முடிச்சுட்டு வர்றேன்."

அவன் வரவில்லை. நான் ஆடினேன். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். பிறகு வேலை முடிந்த சாயங்காலங்களில். பிறகு வேலை முடியாத சாயங்காலங்களிலும். சத்தம் இல்லாமல் ஆடினால் அது பழைய ஆட்டம் மாதிரியே இல்லை என்று பெரிய ஸ்பீக்கராக ஒன்று வாங்கி வைத்தேன். எதிரியின் தாய்க்கப்பல் வெடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். எனக்கு அதில் ஒரு அற்பச் சந்தோஷம்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்துக்குள் காட்டுமாடு இறங்கினால் வெடி போடுவார்கள். வெடிச்சத்தம் கேட்ட வீட்டிலிருந்து ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கையைக்கூடக் கழுவாமல் வருவார். பேச்சுவார்த்தை அறுந்துபோன வீட்டிலிருந்தும் ஆள் வரும். மாட்டை விரட்டிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பிப் போவார்கள். காட்டுமாடு என்றால் கீழே சமவெளியில் இருப்பவர்கள் பசுமாட்டுக்குக் கொஞ்சம் பெரிசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் நின்றால் நம் தலைக்கு மேலே அதன் திமில் தெரியும். தனியாள் அதை விரட்டக் கூடாது. ஒருவர் மேலே நின்று சத்தம் கொடுக்க வேண்டும், இன்னொருவர் பக்கவாட்டில் இறங்கி நெருக்க வேண்டும், கீழே ஓடைப் பக்கம் வழி திறந்து கிடக்க வேண்டும். அப்போதுதான் அது வந்த வழியே காட்டுக்குள் போகும். மேலே சத்தம் இல்லையென்றால் அது மேலேதான் ஏறும்.

இதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்துதான் அந்த ஸ்பீக்கரை வாங்கினேன். ஒரு சாயங்காலம் தாய்க்கப்பலைத் தகர்த்துவிட்டு நான் நாற்காலியில் சாய்ந்தபோது வெளியே ஒரே சலசலப்பு. கதவைத் திறந்தேன். வாசலில் பாதி ஊர் நிற்கிறது. டார்ச், தகர டின், தடி. ஒருவர் மட்டும் சோற்றுக் கையோடு.

"எங்கலே மாடு?" என்றான் கூட்டாளி, மூச்சு வாங்கியபடி. என் கையில் ஜாய்ஸ்டிக் இருந்தது. அதைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், அப்படியே வாசலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். "ஏலே, இவன் இன்னும் பூமியக் காப்பாத்திக்கிட்டு இருக்கான்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த ஒரு வாரத்துக்கு நான் டீக்கடைப் பக்கம் போனால் "பூமி எப்படிங்க இருக்கு?" என்று விசாரித்தார்கள். சோற்றுக் கையோடு வந்த பெரியப்பா மட்டும் அன்றைக்கே சிரிக்காமல் சொன்னார்: "சத்தத்தக் கொறச்சுக்க தம்பி. நாளைக்கு நெசமாவே மாடு வந்து வெடி போட்டா, ஒன் வீட்டுச் சத்தம்னு எல்லாரும் பேசாம இருந்துருவாங்க. ஒருத்தன் சாகுறதுக்கு அது போதும்."

அவர் சொன்னது நியாயம். ஸ்பீக்கரைக் கழற்றிப் பரணில் போட்டேன். மனைவி கொடைக்கானலிலிருந்து ஒரு நல்ல ஹெட்போன் வாங்கி வந்தாள், காதை முழுக்கப் பொத்துகிற வகை. மாட்டிக்கொண்டால் மழை பெய்தால்கூடக் கேட்காது. ஊருக்கு இடைஞ்சல் இல்லாமல் ஆடுகிறேன் என்று எனக்குப் பெருமைகூட வந்தது. இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் சாயங்காலம் பனி கீழேயிருந்து ஏறி வந்திருந்தது. மலைக்குக் கீழே ஆயக்குடியில் ஒரு கல்யாணம், எங்கள் பக்கத்து வீடுகளில் முக்கால்வாசிப் பேர் வேன் பிடித்துக் காலையிலேயே இறங்கிவிட்டார்கள். கூட்டாளி போகவில்லை, காரட் பிடுங்குகிற பருவத்தில் தோட்டத்தைப் போட்டுவிட்டுப் போக முடியாது. எனக்கு வேலை இருந்தது. மதியத்துக்கு மேல் வேலை இல்லை. மனைவி வர நேரம் கிடந்தது. விளக்கைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் ஆடிக்கொண்டிருந்த கட்டத்தில், அகதிகளை ஏற்றிய ஒரு பெரிய கப்பலைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்க வேண்டும். நம்மோடு துணைக்கு இன்னொரு விமானி வருவான். பாதி வழியில் அவனை எதிரிகள் சூழ்ந்துகொள்வார்கள், ரேடியோவில் உதவிக்குக் கூப்பிடுவான். அவனைக் காப்பாற்றப் போனால் கப்பல் போய்விடும். எத்தனையோ தடவை தோற்று, அன்றைக்குத்தான் எனக்குச் சூட்சுமம் பிடிபட்டது. அவனை விட்டுவிட வேண்டும். கூப்பிடக் கூப்பிடக் காதில் போட்டுக்கொள்ளாமல் கப்பலோடே ஒட்டிப் போக வேண்டும். போனேன். அவன் வெடித்தான். கப்பல் போய்ச் சேர்ந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து கையை உயர்த்தி ஒரு கத்து கத்தினேன். சின்ன வயதில் அந்தக் கட்டம் வரைக்கும் நாங்கள் போனதே இல்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. மனைவி. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஹெட்போனை இழுத்துக் கழற்றினாள்.

"கீழ தோட்டத்துல உங்க கூட்டாளி அண்ணன மாடு முட்டிருச்சுங்க. ஜீப்புல ஏத்திட்டுப் போறாங்க. எல்லாரும் ரோட்டுல நிக்கிறாங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க?"

ஓடினேன். செருப்புப் போடவில்லை. ரோட்டுக்கு வந்தபோது ஜீப் வளைவில் திரும்பிவிட்டது. அவன் மனைவியும் அதில் போய்விட்டாள். கல்யாணத்துக்குப் போகாத கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் பனிக்குள் நின்றார்கள். ஒற்றை மாடு ஒன்று காரட் பாத்திக்குள் இறங்கியிருக்கிறது. அவன் ஒரு வெடி போட்டுவிட்டுப் பக்கவாட்டில் இறங்கி நெருக்கியிருக்கிறான். கேட்டவர்கள் ஓடிவர முடியாத கிழவர்கள். மேலே ஆள் இல்லை. மாடு மேலே ஏறித் திரும்பி, பாத்தி ஓரத்துக் கல் கட்டுச் சுவருக்கும் தனக்கும் நடுவில் அவனைப் பிடித்துக்கொண்டது. முட்டி எறிந்ததில் அடுத்த பாத்தியில் போய் விழுந்திருக்கிறான். தொடை எலும்பு முறிந்துவிட்டது. அவன் மனைவி போய்ப் பார்க்கும்வரை அப்படியே கிடந்திருக்கிறான்.

சோற்றுக் கையோடு வந்த அந்தப் பெரியப்பா வீட்டம்மா என்னைப் பார்த்தார். "நீ எங்கப்பா இருந்த? ஒன் வீட்டுக்கு நேர் கீழயில்ல நடந்திருக்கு."

"டவுனுக்குப் போயிருந்தேன் பெரியம்மா," என்றேன். "இந்தா, இப்ப வந்த பஸ்ஸுலதான் வந்தேன்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயைத் திறந்தேன், அதுவே வந்து விழுந்தது. பக்கத்தில் என் மனைவி நின்றாள். அவள் ஜீப் போன வளைவையே பார்த்தாள். பெரியம்மா என் வெறுங்காலைப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திய பிறகு மனைவி சொன்னாள்: "நான் வந்த பஸ்ஸுல நீங்க இல்லங்க." அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அவனைக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கம்பி வைத்தார்கள். நான் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவன் மயக்கத்தில் இருந்தான். அவன் மனைவி வராண்டாவில் என்னைக் கண்டதும் அழுதாள். "நீங்க மட்டும் வீட்ல இருந்திருந்தா இப்படி ஆயிருக்காதுண்ணே," என்றாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டிய தலையை அறுத்து எறிய முடியவில்லை, அதோடுதான் திரும்பி வந்தேன்.

ஊரே சேர்ந்து அவனுடைய காரட்டைப் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டியது. நானும் போனேன். லீவு போட்டுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் போய், எல்லோருக்கும் பின்னால் திரும்பினேன். முதுகு ஒடிந்தது. "வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறாரு பாருங்க, கூட்டாளின்னா இப்படியில்ல இருக்கணும்" என்று என் காதுபடவே பேசினார்கள். திட்டு வாங்கியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். பாராட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஜாய்ஸ்டிக்கைப் பீரோவுக்கு மேலே, கண்ணில் படாத மூலையில் தள்ளிவிட்டேன். கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டின் படம் கண்ணில் பட்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் வீட்டுக்கு வந்தான். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தினமும் போனேன். தைலம் வாங்கிக் கொடுத்தேன், மின்சார பில் கட்டினேன், அவன் வீட்டுப் பசுவுக்குத் தீவனம் ஏற்றி வந்தேன். உட்கார்ந்து பேசுவதற்கு மட்டும் முடியவில்லை. எதையாவது செய்துவிட்டு வெரசாகக் கிளம்பிவிடுவேன். ஒருநாள் கிளம்பும்போது அவன் கூப்பிட்டான்.

"மாப்ள, சும்மா கெடந்து பைத்தியம் புடிக்குதுடா. அந்த வெளயாட்டக் கொண்டா. ஒரு நாளைக்கு வர்றேன்னு சொன்னேன்ல, இப்பத்தான் நேரம் கெடச்சிருக்கு."

"அது இப்ப ஓடலடா," என்றேன்.

"பொய் சொல்லாத," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் வேறு ஏதும் இருந்ததா என்று அன்று ராத்திரி முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். மறுநாள் விளையாட்டை லேப்டாப்பில் ஏற்றி, ஜாய்ஸ்டிக்கோடு எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். அவனுக்கு இரண்டு தலையணை. ஜாய்ஸ்டிக்கை அவன் கையில் கொடுத்ததும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்குப் பெட்டியைப் பிரித்தபோது வந்ததும் அதுதான். ஆனால் எனக்கு அது இப்போது வரவில்லை. நான் கீபோர்டில் வேகத்தைக் கூட்டிக் குறைத்தேன், பழையபடி.

அவன் வெகு சீக்கிரமே பிடித்துக்கொண்டான். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையில் ஜாய்ஸ்டிக் சின்னதாகத் தெரிந்தது. சில நாட்களில் அந்தக் கப்பல் கட்டத்துக்கு வந்துவிட்டோம். நான் ஏதாவது சொல்லித் தவிர்க்கப் பார்த்தேன், இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்றேன். அவன் கேட்கவில்லை.

பாதி வழியில் ரேடியோவில் துணை விமானி கூப்பிட்டான். கூட்டாளி சட்டென்று ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினான். கப்பலை அப்படியே விட்டுவிட்டுத் துணை விமானியின் பின்னால் போய், துரத்தியவர்களைச் சுட்டு விரட்டினான். அதற்குள் இங்கே கப்பல் வெடித்தது. தோல்வி. மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி அந்தக் குரல், மறுபடி அவன் திரும்பினான், மறுபடி தோல்வி. ஒவ்வொரு தடவையும் அதையேதான் செய்தான்.

"ஏலே, அவன விட்றா," என்றேன். "அவன் போனா ஒண்ணும் ஆகாது. கப்பல் போனாத்தான் தோப்போம்."

"கூப்புடுறான்லடா," என்றான்.

எனக்குக் காது மடல் சுட்டது. ஜன்னலைப் பார்த்தேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த ஆட்டத்துக்கு விமானத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தான். சந்தையில் காரட் என்ன விலை போகிறது என்று சொல்கிற குரலில் சொன்னான்:

"அன்னைக்கு ஒன் வீட்ல லைட்டு எரிஞ்சுச்சு. பனிக்குள்ள அது ஒண்ணுதான் தெரிஞ்சுச்சு. அதான் ஒரு வெடியோட நிறுத்திக்கிட்டேன். நீ மேல வந்துருவேன்னு நெனச்சு எறங்கிட்டேன்."

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். அவன் ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளிலிருந்து இது அவனுக்குத் தெரியும். நான் வாங்கிக் கொடுத்த தைலத்தை வாங்கிக்கொண்டான், நான் கட்டிய மூட்டைக்கு நன்றி சொன்னான், தன் மனைவி என்னிடம் அழுததை அவளே சொல்லக் கேட்டுக்கொண்டு கிடந்தான்.

"ஊர்ல எல்லார்ட்டயும் நான் டவுனுக்குப் போனேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"நானும் அதத்தான் சொல்லியிருக்கேன்," என்றான். "பெறகு? நெசத்தச் சொன்னா நாளைக்கு ஒன் தோட்டத்துல மாடு எறங்குனா எவன் வருவான்?"

ரேடியோவில் துணை விமானி கூப்பிட ஆரம்பித்தான். என் கூட்டாளி ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினான், வேகத்தைக் கூட்டச் சொல்லி என் கையைத் தட்டினான். நான் கூட்டினேன்.